மழை நாட்டில் ஒரு வாரம்

நேயர்களே! விடுமுறை என்று சொன்ன மாத்திரத்தில் நம் மனக்கண் முன் தோன்றுவது நீல வானமும் இளவெயிலுந்தான். மழை அந்தச் சித்திரத்தில் இடம்பெறுவதில்லை. அதிலும், பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைச் செலவிட்டு, கடல் கடந்து ஓர் அயல்நாட்டுக் கிராமப்புறத்துக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே பெட்டியைத் திறப்பதற்கு முன்பே மழை பிடித்துக்கொண்டால் எப்படியிருக்கும்? ஒவ்வொரு தூறலையும் நம் கைப்பணத்தோடு சேர்த்துக் கணக்கிடத் தொடங்கிவிடுகிறோம். ஜன்னலண்டை நிற்பதும், வானத்தைப் பார்ப்பதும், ஒருவரையொருவர் குறை கூறுவதுமாகப் பொழுது போய்விடுகிறது. இவ்வாறு வீணாகிவிடக்கூடிய ஒரு விடுமுறையை வீணாக்காமல் கழிப்பது எங்ஙனம் என்பதைப் பற்றி எங்கள் அனுபவத்தைக்கொண்டு சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

2017ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நாங்கள் மூவர், அதாவது நாங்கள் இருவரும் எங்கள் தந்தையாரும், இங்கிலாந்தின் வடமேற்கு மூலையிலுள்ள ஏரி மாவட்டத்துக்குப் போயிருந்தோம். லண்டன் யூஸ்டன் நிலையத்தில் ரயிலேறினால் மூன்று மணி நேரத்தில் பென்ரித் என்னும் ஊரை அடையலாம். அங்கிருந்து பஸ்ஸில் மேற்கே போனால் கெஸ்ஸிக் என்னும் சிற்றூர். சுற்றிலும் மலைகள்; ஊரை ஒட்டி டர்வென்ட் ஏரி; ஊருக்குள் கிரேட்டா என்னும் சிறு நதி. அந்தப் பிரதேசம் முழுவதும் 1951இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நாங்கள் போவதற்கு ஒரு மாதம் முன்னர்தான் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் ஏற்கப்பட்டிருந்தது.

அங்கே போக வேண்டுமென்பது தந்தையாரின் நெடுநாள் ஆசை. அவர் முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் ஆங்கிலம் போதித்தவர். டாஃபடில் மலர்களைப் பற்றி வோர்ட்ஸ்வொர்த் பாடிய பாட்டை எத்தனை வகுப்புகளுக்கு அவர் நடத்தியிருப்பார் என்பதற்குக் கணக்கில்லை. ஆயினும் அந்த மலரை அவர் பார்த்ததில்லை. அந்த ஏரியையும் பார்த்ததில்லை. நம் நாட்டில் அந்தப் பாட்டைப் படித்தவர்களிலும் படிப்பித்தவர்களிலும் பெரும்பாலோர் நிலைமை இதுவேயல்லவா? மலர் பூப்பது மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில். ஆகஸ்டில் அது மண்ணுக்கடியில் கிழங்காக உறங்கிக் கொண்டிருக்கும். இது தெரிந்தேதான் போனோம். மலர் இல்லாவிட்டாலும் ஏரியாவது இருக்கும் என்றார் அவர்.

ஏரி இருந்தது, ஆனால் கண்ணுக்குத் தெரியவில்லை. சனிக்கிழமை மாலை போய்ச் சேர்ந்தோம். ஞாயிறன்று விடிந்தபோது மேகம் மலைகளின் இடுப்பு வரையில் இறங்கியிருந்தது. மெல்லிய மழை, காற்றில் சாய்ந்து, ஓசையின்றி விழுந்துகொண்டேயிருந்தது. திங்களன்று அது வலுத்தது. பகல் முழுதும் விடவில்லை. கிரேட்டா நதியின் இரைச்சல் எங்கள் அறைவரை கேட்டது.

எங்களுக்கு ஏற்பட்டது ஏமாற்றம் மாத்திரமே. தந்தையாருக்கோ அது வேறு. 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாத ஆரம்பத்தில் சென்னையையும் சுற்றுப்புறங்களையும் சூழ்ந்த வெள்ளத்தில், முடிச்சூரிலிருந்த அவருடைய வீடும் அகப்பட்டுக்கொண்டது. நள்ளிரவில் தண்ணீர் புகுந்தது. மறுநாள் படகில் ஏற்றி அவரைக் கரை சேர்த்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் அலமாரியின் கீழ்த்தட்டுகளில் இருந்த புத்தகங்கள் அத்தனையும் போய்விட்டன. ஓரங்களில் அவர் தம் கையாலேயே குறிப்பெழுதி வைத்திருந்த பழைய பாடப் புத்தகங்களும் அவற்றுள் அடக்கம். அன்று முதல் இரவில் மழைச் சத்தம் கேட்டால் அவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். திங்கட்கிழமை மாலை, ஜன்னலுக்கு வெளியே நதியைப் பார்த்தபடி, "நாளைக் காலையில் லண்டனுக்கு எத்தனை மணிக்கு ரயில் என்று கேளுங்கள், போதும், திரும்பிவிடலாம்" என்றார். அவர் குரலில் கோபமில்லை; அதுவே எங்களைக் கலக்கியது.

ரயில் விவரம் கேட்பதற்காக விடுதித் தலைவியிடம் போனோம். அவர் நடுவயதைக் கடந்த ஓர் அம்மையார். சிறிய விடுதி, சமையலும் அவரே, கணக்கும் அவரே. எங்கள் காரணத்தைக் கேட்டார், சொன்னோம். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, தந்தையாரையும் அழைத்துவரச் சொன்னார். உணவறையின் கதவுக்குப் பின்னால், முழங்காலுக்கு மேல் உயரத்தில், பென்சிலால் இழுத்த ஒரு கோடும் பக்கத்தில் ஒரு தேதியும் இருந்தன. 5 டிசம்பர் 2015.

நேயர்களே! சென்னை வெள்ளத்துக்கும் அந்தக் கோட்டுக்கும் இடையே மூன்று நான்கு நாட்களே. டெஸ்மண்டு என்று பெயரிடப்பட்ட புயல் அன்று அந்தப் பிரதேசத்தைத் தாக்கியது. கெஸ்ஸிக்குக்கு அருகிலுள்ள ஹானிஸ்டர் கணவாயில் இருபத்துநான்கு மணி நேரத்தில் 341.4 மில்லிமீட்டர் மழை பெய்தது. பிரிட்டனில் ஒரு நாளில் அளக்கப்பட்ட மழைகளில் அதுவே மிகப் பெரியது. 2009ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரையில் கண்ணாடிப் பலகைகள் பதித்த தடுப்புச் சுவரைக் கட்டி 2012இல் முடித்திருந்தார்கள்; அதையும் தாண்டித் தண்ணீர் ஊருக்குள் வந்துவிட்டது. தந்தையார் அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். "எங்கள் வீட்டில் இதற்கு மேல், ஜன்னல் கட்டைக்கு வந்துவிட்டது" என்றார். அம்மையார் தேநீர் கொண்டுவந்தார். அவ்விருவரும் அன்றிரவு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். சேறு படிந்த தரையை எப்படிக் கழுவினார்கள், நனைந்த நாற்காலிகளை எங்கே உலர்த்தினார்கள், எதைத் தூக்கி எறிய மனம் வரவில்லை என்பனவே பேச்சு. ரயில் விவரத்தைக் கேட்க நாங்கள் மறந்துபோனோம்.

தோட்டத்தில் அம்மையார் ஒரு மழைமானி வைத்திருந்தார். செம்பாலான உருளைப் பாத்திரம், மேலே புனல், உள்ளே ஒரு கண்ணாடிக் குடுவை. தினந்தோறும் காலை ஒன்பது மணிக்கு அதை எடுத்து அளந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுவது அவர் வழக்கம். "இந்த வாரம் உங்களுக்கு விருப்பமானால் இந்த வேலையை நீங்கள் பார்க்கலாம்" என்று தந்தையாரிடம் சொன்னார். செவ்வாய்க்கிழமை காலை, குடையைப் பிடித்துக்கொண்டு அவர் தோட்டத்துக்குப் போனார். 35 மில்லிமீட்டர். எழுதி முடித்துவிட்டு எங்களிடம் சொன்னார்: "தாம்பரத்தில் அன்று ஒரு நாளில் 49 சென்டிமீட்டர். அதில் பதினாலில் ஒரு பங்கு இது." நேற்று முழுவதும் அவரை அச்சுறுத்திய மழை இப்போது ஓர் எண்ணாகிவிட்டது. அந்த எண் அத்தனை பெரிதும் அன்று.

மழைக்கால விடுமுறையில் முதலாவதாகச் செய்யத்தக்க காரியம் இதுவென்றே நாங்கள் இப்போது கருதுகிறோம். மழையைப் பொறுத்துக்கொள்வதோடு நில்லாமல், அது என்ன, எங்கிருந்து வருகிறது, எவ்வளவு என்று விசாரிக்க வேண்டும். ஏரி மாவட்டத்தில் விசாரணைக்கு விஷயம் நிறைய உண்டு. அட்லாண்டிக் சமுத்திரத்தின் மீது ஈரம் உண்டு வரும் மேல்காற்று, ஐரிஷ் கடலைக் கடந்ததும் முதன்முதலாக மோதுவது இந்த மலைகளின் மீது. இங்கிலாந்தின் மிக உயர்ந்த சிகரமான ஸ்காஃபெல் பைக், 978 மீட்டர், இங்கேதான் உள்ளது. மோதிய காற்று மேலெழும்புகிறது, குளிர்கிறது, ஈரம் மழையாகிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் தென்மேற்குப் பருவக்காற்றுக்கு நேர்வதும் இதுவே. மலைகளின் மடியிலுள்ள ஸீத்வெய்ட் என்னும் குக்கிராமத்தில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. இங்கிலாந்தில் மனிதர் வாழும் இடங்களில் அதுவே மிக ஈரமானது. அங்கிருந்து எட்டு மைலுக்குள் இருக்கும் கெஸ்ஸிக்கிலோ ஏறத்தாழ அதில் பாதிதான். அதாவது, நம் சென்னைக்கு ஆண்டு முழுவதும் கிடைப்பதும் கெஸ்ஸிக்குக்குக் கிடைப்பதும் கிட்டத்தட்ட ஒரே அளவு! நமக்கு அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது; அவர்களுக்கோ ஆண்டு முழுவதும் பங்கிட்டு விழுகிறது.

மழைக் கணக்கு எழுதுவது அந்த நாட்டில் பழைய வழக்கம். அணுக் கொள்கையை வகுத்த ஜான் டால்டன் 1766இல் அந்தப் பகுதியில் ஓர் ஏழை நெசவாளியின் மகனாகப் பிறந்தார்; கெண்டல் என்னும் ஊரில் பள்ளி ஆசிரியராயிருந்தார். 1787இல் அவர் வானிலைக் குறிப்பு எழுதத் தொடங்கி, 1844இல் இறக்கும் வரையில், ஐம்பத்தேழு ஆண்டுகள் விடாமல் எழுதிவந்தார். காற்றும் நீராவியும் எவ்வாறு கலந்து நிற்கின்றன என்னும் கேள்வியிலிருந்துதான் அவருடைய சிந்தனை அணுக்களை நோக்கிச் சென்றது. ஒரு பள்ளி ஆசிரியர் என்று கேட்டதும் எங்கள் தந்தையாருக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லவும் வேண்டுமோ?

செவ்வாயன்று மழை விடாததால், கெஸ்ஸிக்கிலுள்ள பென்சில் அருங்காட்சியகத்துக்குப் போனோம். பென்சிலுக்கு ஓர் அருங்காட்சியகமா என்று நகைக்க வேண்டாம். பதினாறாம் நூற்றாண்டில் அதே ஸீத்வெய்ட் கிராமத்து மலைச்சரிவில் மிகத் தூய்மையான கிராபைட் கட்டிகள் கிடைத்தன. இடையர்கள் முதலில் அதைக்கொண்டு ஆடுகளுக்கு அடையாளமிட்டார்கள் என்பது கர்ணபரம்பரைச் செய்தி. பின்னர் அதைச் சிறு குச்சிகளாக அறுத்து, மரத்தில் பொதித்து, எழுதத் தொடங்கினார்கள். அது காரீயமன்று, கரியின் ஒரு வடிவம் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. பீரங்கிக் குண்டுகளை வார்க்கும் அச்சுக்கும் அது பயன்பட்டதால் அதன் விலை ஏறிற்று, திருட்டும் பெருகிற்று, சுரங்கத்தில் திருடுவோரைத் தண்டிக்க 1752இல் பார்லிமெண்டு ஒரு தனிச் சட்டமே இயற்றியது. இரண்டாம் உலக யுத்தத்தில், கெஸ்ஸிக் தொழிற்சாலையில், பென்சிலுக்குள் மெல்லிய வரைபடத்தையும் சிறு திசைகாட்டியையும் ஒளித்துவைத்து விமானப் படையினருக்காக இரகசியமாகத் தயாரித்தார்கள். அந்த அருங்காட்சியகமும் 2015 வெள்ளத்தில் மூழ்கி, 2017ஆம் ஆண்டில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. தந்தையார் அங்கே இரண்டு பென்சில்கள் வாங்கினார். ஒன்று தமக்கு, மற்றொன்று விடுதி அம்மையாருக்கு. "சுவரில் இன்னொரு கோடு இழுக்கும்படி நேராதிருக்கட்டும், கணக்கு எழுத மட்டும் இது பயன்படட்டும்" என்று சொல்லிக் கொடுத்தார்.

வீட்டுக்குள்ளேயே இருந்துவிட வேண்டுமென்று நாங்கள் சொல்லவில்லை. மழையில்தான் பார்க்க வேண்டிய காட்சிகளும் உண்டு. புதன்கிழமை காலை மழைமானியில் 22 மில்லிமீட்டர். "இன்றைக்கு லொடோர் அருவிக்குப் போங்கள், வெயில் நாளில் போனால் அங்கே கல்தான் இருக்கும்" என்றார் அம்மையார். வறண்ட பருவத்தில் அருவியைத் தேடிவந்த ஒரு பிரயாணி, பாறையொன்றின்மீது அமர்ந்து வழி கேட்டாராம். அருவியின் மேல்தான் அமர்ந்திருக்கிறீர்கள் என்று பதில் வந்ததாம். இது அவ்வூர்ப் பழைய வேடிக்கை. டர்வென்ட் ஏரியைச் சுற்றி வரும் சிறு இயந்திரப் படகில் ஏறி, லொடோர்த் துறையில் இறங்கினோம். சிறிது தூரம் நடப்பதற்குள் முழக்கம் கேட்டது. மரங்களுக்கிடையே, வீட்டளவு பாறைகளின் மீது, வெண்மையாக நுரைத்துக்கொண்டு தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. இராபர்ட் ஸதே என்னும் கவிஞர் 1820இல் இந்த அருவியின் ஓசையைக் குறித்தே ஒரு பாட்டு எழுதினார். அதையும் தந்தையார் வகுப்பில் நடத்தியதுண்டு. மழையில் நனைந்தபடியே சற்று நின்றார். அந்த இரைச்சல் அவரை அச்சுறுத்தவில்லை. வருகிற தண்ணீருக்கும் போகிற தண்ணீருக்கும் வித்தியாசமுண்டு என்று மாத்திரம் சொன்னார்.

இவ்விடத்தில் நடைமுறைக்கான சில யோசனைகளையும் சொல்லிவிடுகிறோம். நாங்கள் கொண்டுபோன குடைகளில் இரண்டு, முதல் நாளே காற்றில் மடங்கி உடைந்தன. அந்நாட்டுக் கிராமப்புறத்துக்குக் குடை போதாது. தலைமூடியுடன் கூடிய, நீர் புகாத மேலங்கியே வேண்டும். பருத்தி ஆடை நம் வெயிலுக்கு உகந்தது. அங்கே நனைந்தால் எளிதில் உலராமல் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு கதகதப்புக் காக்கும். மாற்றுக் காலுறை ஒரு ஜோடி எப்போதும் பையில் இருக்கட்டும். ஈரமான பூட்சுக்குள் பழைய பத்திரிகைக் காகிதத்தைத் திணித்து வைத்தால் காலைக்குள் பெரும்பாலும் உலர்ந்துவிடும். இதையும் அம்மையாரே கற்பித்தார். நாளுக்கு ஒரு வெளிக் காரியம், ஓர் உள்காரியம் என்று இரண்டை மாத்திரம் திட்டமிடுங்கள். மழை தணிந்தபோது வெளியே போகலாம். வலுத்தபோது உள்ளே நுழையலாம். ஐந்து இடங்களைப் பார்த்தே தீருவதென்று பட்டியல் போட்டவருக்கு மழை பகை. இரண்டே போதும் என்றிருப்பவரிடம் அது அவ்வளவாக வாலாட்டுவதில்லை.

வியாழக்கிழமை கிராஸ்மியருக்குப் பஸ்ஸில் சென்றோம். வழியில் தர்ல்மியர் என்னும் நீண்ட ஏரி. அது முற்றிலும் இயற்கையானதன்று. மான்செஸ்டர் நகரத்தின் ஆலைகளுக்கும் வீடுகளுக்கும் தண்ணீர் தேவைப்பட்டபோது, 1879இல் ஒரு சட்டம் பெற்று, அங்கிருந்த சிறு ஏரிக்கு அணை கட்டி உயர்த்தினார்கள். கரையிலிருந்த சில வீடுகளும் பண்ணைகளும் நீருக்குள் போயின. அக்காலத்தில் அதற்குப் பலத்த எதிர்ப்பும் இருந்தது. 1894இல் தண்ணீர் மான்செஸ்டரை அடைந்தது. ஏறத்தாழ 96 மைல் தூரம், இறைக்கும் இயந்திரம் ஏதுமின்றி, சரிவின் பலத்தாலேயே அது ஓடுகிறது. "அதற்கு அடுத்த ஆண்டுதான் நம் பெரியாற்று அணை திறக்கப்பட்டது" என்று தந்தையார் நினைவூட்டினார். நாம் சபிக்கும் மழையைத் தொலைவில் ஒரு நகரம் குடித்து வாழ்கிறது என்பதை அந்தப் பஸ்ஸில் உணர்ந்தோம்.

கிராஸ்மியரில், 1799 இறுதி முதல் 1808 வரை வோர்ட்ஸ்வொர்த் வாழ்ந்த சிறு வீடு இருக்கிறது. தாழ்ந்த கூரை, கல் பாவிய தரை, சிறிய ஜன்னல்கள். மாடியில் ஓர் அறைச் சுவர்களில், குளிருக்கும் ஈரத்துக்கும் பாதுகாப்பாக, கவிஞரின் தங்கை டாரதி பத்திரிகைக் காகிதங்களை ஒட்டிவைத்திருந்தார். அந்த டாரதி ஒரு நாட்குறிப்பும் எழுதிவந்தவர். அதிலிருந்து தெரியவரும் செய்தியே எங்கள் பயணத்தின் பெரும் பயன்.

அந்த டாஃபடில் மலர்களை அண்ணனும் தங்கையும் கண்டது 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் தேதி, அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில். அன்று காற்று எவ்வளவு கடுமையாயிருந்ததென்றால், திரும்பிப் போய்விடலாமா என்றே அவர்கள் எண்ணினார்கள். ஒரு படகுக் கொட்டகையில் ஒதுங்கினார்கள். பின்னர் மலர்களைக் கண்டார்கள், மழையும் வந்தது, அன்றைய நடை முடிவதற்குள் நனைந்தும் போனார்கள். பாட்டு எழுதப்பட்டதோ இரண்டு ஆண்டுகள் கழித்து, வீட்டில், அச்சேறியது 1807இல். பாட்டிலே கவிஞர் தனியே உலவுகிறார். உண்மையில் உடன் நடந்தவர் தங்கை.

இதைக் கேட்ட தந்தையார் அங்கிருந்த ஓர் இருக்கையில் அமர்ந்துவிட்டார். "முப்பத்து நான்கு ஆண்டுகளும் அதை ஒரு வெயில் நாளாகவே பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தேன்" என்றார். "திரும்பிப் போயிருந்தால் பாட்டு இல்லை." சற்று நேரம் கழித்து, எங்களைப் பார்த்து, "திங்கட்கிழமை ரயில் விவரம் கேட்கச் சொன்னேனே, கேட்டீர்களா?" என்றார். மறந்துவிட்டோம் என்றோம். நல்லதாயிற்று என்றார்.

வெள்ளியன்று, மழைக்கெல்லாம் தாயகமான ஸீத்வெய்ட்டையே பார்த்துவிடுவது என்று புறப்பட்டோம். பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒரு மைலுக்குச் சற்று அதிகமான நடை. சுண்ணாம்புச் சாந்தில்லாமல் அடுக்கப்பட்ட கற்சுவர்கள். அவற்றின் ஓரங்களில் ஹெர்ட்விக் என்னும் ஆட்டு வகை. குட்டிகள் கறுப்பாகப் பிறந்து, வளர வளரச் சாம்பல் நிறமாகின்றன. முரட்டுக் கம்பளி மழையைத் தடுப்பதால் அவை எதையும் சட்டை செய்யாமல் மேய்ந்துகொண்டிருந்தன. கிராமத்துக்கு அப்பால் மலைப்பாதையில் சிறிது தூரம் ஏறலாமென்று இளையவர்களாகிய நாங்கள் விரும்பினோம். ஆனால் குறுக்கே ஓடிய ஓடை, அரைமணி நேரத்துக்குள் கல்லை மறைத்துப் பெருகிவிட்டது. தந்தையார் கையை உயர்த்தி, "திரும்புங்கள்" என்றார். திரும்பினோம். மலைநாட்டு ஓடையில் தண்ணீர் நிறம் மாறி, கற்கள் உருளும் ஓசை கேட்டால், கடக்க முயலவே கூடாது. மேகம் இறங்கியிருக்கையில் உச்சிக்கு ஏறுவதும் அப்படியே. அப்பகுதியில் மலைமீட்புப் பணியைச் செய்வோர் ஊதியமின்றித் தொண்டு புரியும் உள்ளூர்வாசிகள். நம் அசட்டுத் துணிச்சலுக்காக அவர்களை இரவில் படுக்கையிலிருந்து எழுப்புவது நியாயமன்று. மழையை அனுபவிப்பது வேறு. அதனோடு சூதாடுவது வேறு. முதல் நாள் தந்தையாரிடம் நாங்கள் கண்டது அச்சம். வெள்ளிக்கிழமை கண்டது எச்சரிக்கை. இரண்டுக்குமுள்ள தூரத்தை அவர் அந்த வாரத்தில் கடந்திருந்தார்.

சனிக்கிழமை காலை நாங்கள் புறப்படும் வேளையில் மேகம் கலைந்து வெயில் அடித்தது. விதியின் விளையாட்டு என்று நீங்கள் சிரிக்கலாம், நாங்களும் சிரித்தோம். ஒரு வாரம் மறைந்திருந்த மலைகள் அத்தனையும், கழுவித் துடைத்தாற்போல, ஏரியின் மறுகரையில் நின்றன. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனித்தோம். அவற்றின் பசுமை எங்கிருந்து வந்தது என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது. முதல் நாளே இந்த வெயிலில் வந்திறங்கியிருந்தால், படம் எடுத்துக்கொண்டு, அழகு என்று சொல்லிவிட்டு, அடுத்த ஊருக்குப் போயிருப்போம். கதவுக்குப் பின்னாலுள்ள கோட்டைப் பார்த்திருக்க மாட்டோம். தந்தையார் கடைசியாக ஒருமுறை தோட்டத்துக்குப் போய் வந்தார். முந்திய நாள் மழை 14 மில்லிமீட்டர். அவர் அளந்த ஐந்து நாட்களுக்கும் சேர்த்து 86. நோட்டுப் புத்தகத்தில் அந்தக் கூட்டுத் தொகையின் கீழே தம் கையெழுத்தையும், அம்மையார் கேட்டுக்கொண்டபடி, தம் ஊர்ப் பெயரையும் எழுதினார்.

ஆகவே, நேயர்களே, அயல்நாட்டுக் கிராமப்புறத்தில் உங்கள் விடுமுறை மழையில் அகப்பட்டுக்கொண்டால், உடனே ரயில் விவரம் கேட்காதீர்கள். உள்ளூர்க்காரர் ஒருவரிடம் அந்த மழையைப் பற்றியே பேச்சைத் தொடங்குங்கள். அவர்கள் அறிந்த அளவுக்கு அதை அறிந்தவர் வேறு யாருமில்லை. நேர்ப்பக்கங்களுள்ள ஒரு கண்ணாடிப் பாத்திரத்தையும் அளவுகோலையும் குழந்தைகளிடம் கொடுத்துத் திறந்த வெளியில் வைக்கச் சொல்லுங்கள். அருவிக்குப் போங்கள், உச்சியை விட்டுவிடுங்கள். மாலையில் ஈரக் காலுறையைக் கழற்றிவிட்டு, சூடான தேநீருடன், அன்று கண்டதை நாலு வரியாவது எழுதிவையுங்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து அந்த நாலு வரியே பெரிய சொத்தாக இருக்கக்கூடும்.

அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் சென்னையில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிய இரவு, நாங்கள் தந்தையாரின் அறையை எட்டிப் பார்த்தோம். அவர் விழித்துத்தான் இருந்தார். மொட்டை மாடியில் பாத்திரத்தை வைத்துவிட்டதாகச் சொன்னார். நம் நாட்டு வழக்கப்படி காலை எட்டரை மணிக்கு எடுத்து அளக்க வேண்டும், மறந்தால் எழுப்புங்கள் என்று சொல்லிவிட்டு, விளக்கை அணைத்துப் படுத்துக்கொண்டார்.